வணிக வளாகத்துக்குள் வழிகாட்டிப் பலகைகள்: எங்கிருந்து தொடங்குவது?

உறையூர்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருச்சியில் தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து தளங்களும் கொண்ட ஒரு வணிக வளாகத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தரைத்தளத்தில் மருந்துக் கடையும் வங்கிக் கிளையும். முதல் இரண்டு தளங்களில் மருத்துவர்களின் கிளினிக்குகள், ஸ்கேன் மையம், ரத்தப் பரிசோதனைக் கூடம். மூன்றாவதில் பயிற்சி வகுப்புகள். அதற்கு மேல் ஆடிட்டர், வக்கீல், காப்பீட்டு அலுவலகங்கள். முன்வாசல் பக்கம் ஒரு லிஃப்ட், பின்பக்கம் அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து ஏறும் லிஃப்ட் ஒன்று. இரண்டுக்கும் பக்கத்தில் படிக்கட்டுகள்.

இப்போது உள்ளே பெயின்ட் வேலை நடக்கிறது. அதோடு பழைய போர்டுகளைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பாணியில் மாற்ற உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். விளம்பரப் பலகை செய்கிற சில கடைகளில் விசாரித்தேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை சதுர அடி சார், அக்ரிலிக்கா ஸ்டீலா?" எங்கே வைக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று ஒருவரும் பேசவில்லை. அதைத் தீர்மானிப்பது யார் வேலை? எதை முதலில் செய்ய வேண்டும்?

பலகைப்பட்டறை

கோவையில் இதே தொழிலில் இருக்கிறேன். சதுர அடி கேட்கிறார்கள் என்று எங்கள் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள் சார். யோசித்துத் தருவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை, பலகைக்குத்தான் கொடுக்கிறார்கள்.

ஆர்டர் கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதலில் வளாகம் முழுவதும் நடந்து, சுவரிலும் கதவிலும் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கும் தாள்களையெல்லாம் படம் எடுங்கள். பெயின்டர் கிழித்துப் போடுவதற்குள் எடுங்கள். ஒவ்வொரு தாளும், ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒருவர் ஒட்டியது. அடுத்து, வாசலில் நிற்கும் காவலாளியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்பக்க லிஃப்ட் அருகில் இருப்பவருக்குத் தனி நோட்டு.

உறையூர்வாசி

செய்து பார்த்துவிட்டேன். நல்ல யோசனை, நன்றி.

பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்துக் கதவு ஒரு பல் மருத்துவருடையது. அந்தக் கதவில் மூன்று தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் இருப்பது அச்சடித்தது: "பரிசோதனைக் கூடம் அடுத்த கதவு". அதன் மேல் மார்க்கரில் "இது லேப் அல்ல". மேலே சிவப்பு மையில், இரண்டு முறை அடிக்கோடிட்டு, "தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள்". பல் மருத்துவரின் வரவேற்பாளருக்கு எவ்வளவு கோபம் என்பது அந்த அடிக்கோட்டிலேயே தெரிகிறது.

காவலாளியின் நோட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. கிளினிக்கின் பெயரைச் சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. டாக்டரின் பெயர் அல்லது நோய்: "சர்க்கரை டாக்டர்", "எலும்பு டாக்டர்". பின்பக்க நோட்டில் பெரும்பாலும் ஒரே கேள்வி: "இது எந்த மாடி?"

செங்கல்சூளை

மதுரையில் கட்டடக்கலை வேலை பார்க்கிறேன். "இது எந்த மாடி?" என்ற அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலகையைப் பற்றிப் பேசும் முன் எண்களைச் சரிசெய்ய வேண்டும். எண் குழப்பமாக இருந்தால் அதன் மேல் எவ்வளவு அழகான பலகை மாட்டினாலும் குழப்பம் பெரிய எழுத்தில் தெரியும், அவ்வளவுதான்.

உங்கள் வளாகத்தில் கதவு எண்கள் எப்படி இருக்கின்றன? என் அனுமானம்: வாடகைக்கு வந்த வரிசையில் 1, 2, 3 என்று கொடுத்திருப்பார்கள். பிறகு ஓர் அறையைப் பிரித்து 7ஏ, 7பி ஆக்கியிருப்பார்கள். அதை மொத்தமாக அழியுங்கள். முதல் இலக்கம் தளம், அடுத்த இரண்டு இலக்கங்கள் கதவின் இடம். 101, 102 என்று முன் லிஃப்டிலிருந்து தொடங்கி ஒரே திசையில் போக வேண்டும். தாழ்வாரத்தின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. மேல் தளங்களிலும் அதே இடத்தில் அதே எண்: 206-க்கு நேர் மேலே 306 இருக்க வேண்டும். 305, 307, 309 மூன்றையும் ஒரே அலுவலகம் எடுத்துக்கொண்டால், வாசல் எதில் இருக்கிறதோ அந்த எண் மட்டும் வெளியே தெரியட்டும். மற்ற எண்கள் பயன்பாட்டில் இல்லாமல் கிடக்கட்டும். நாளை அவர்கள் காலி செய்தால் வரிசை குலையாது. எண் கதவுக்குச் சொந்தம். வாடகைதாரருக்கு அல்ல.

ஈசூன்_தமிழன்

சிங்கப்பூரில் இது பழகிப்போன விஷயம். எந்தக் கடைத்தொகுதிக்குப் போனாலும் முகவரி 03-12 என்ற வடிவில்தான் இருக்கும்: மூன்றாம் தளம், பன்னிரண்டாவது அலகு. ரசீதிலும் அதே, கடை வாசலிலும் அதே. அடித்தளம் என்றால் பி1. எங்களுக்குத் தரையோடு இருப்பதே முதல் தளம். ஊருக்கு வரும்போது லிஃப்டில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது.

எண் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கே எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்களுக்கு வெகுகாலம் ஆங்கில எழுத்துகள்தான். தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் அதை எண்களாக்கினார்கள். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் எது பேசுகிறவருக்கும் எண் பொது.

உறையூர்வாசி

செங்கல்சூளை சாரின் அனுமானம் சரி. 7ஏ மட்டுமல்ல, "7ஏ பழையது" என்றுகூட ஒரு கதவு இருக்கிறது.

இரண்டு சிக்கல்கள். உரிமையாளர் எட்டு வேண்டாம் என்கிறார், 108 மட்டும் பரவாயில்லையாம். இன்னொன்று, மருத்துவர்களின் மருந்துச்சீட்டிலும் விசிட்டிங் கார்டிலும் பழைய எண்கள் அச்சாகியிருக்கின்றன.

செங்கல்சூளை

108 பரவாயில்லை, 208 ஆகாது என்றால் ஐயா கணக்கில் கெட்டிதான். 8-ஐ எல்லாத் தளங்களிலும் விட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் எல்லாத் தளங்களிலும் இடைவெளி இருந்தால் யாரும் தேடமாட்டார்கள். ஒரு தளத்தில் மட்டும் இருந்தால்தான் தேடுவார்கள். பழைய எண்ணைக் கொஞ்ச காலம் புதிய எண்ணின் கீழே சிறியதாக ஒட்டிவைத்து, கார்டு தீர்ந்து புதிது அடிக்கும்போது எடுத்துவிடலாம்.

தள எண் ஒன்றில் உறுதியாக இருங்கள். லிஃப்ட் பொத்தானில் 0, பெயர்ப்பட்டியலில் தரைத்தளம், வங்கி தன் விளம்பரத்தில் "முதல் தளம்" என்று மூன்று விதமாக இருக்கக்கூடாது. பொத்தானில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். பொத்தானை மாற்றுவதை விடப் பலகையை மாற்றுவது சுலபம்.

பலகைப்பட்டறை

இப்போது இடங்களுக்கு வருவோம். தளத்தின் வரைபடத்தை அச்செடுத்து, ஆள் நின்று "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று யோசிக்க வேண்டிய இடங்களில் மட்டும் பேனாவால் புள்ளி வையுங்கள். வாசல், லிஃப்ட் முன்பகுதி, படிக்கட்டு முகப்பு, தாழ்வாரம் பிரியும் இடம். பலகை அங்கேதான். நேராகப் போகிற தாழ்வாரத்தின் நடுவில் வைப்பது பெயருக்குத்தான் பயன்படும்.

லிஃப்ட் முன்பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பின்பக்க நோட்டு அதைத்தான் கேட்கிறது. கதவு திறக்கும்போது உள்ளே நிற்பவர் கண்ணுக்கு நேராக என்ன தெரிகிறது? பெரும்பாலான கட்டடங்களில் ஒரு சாமி படம், பக்கத்தில் தீயணைப்பு வாளி. அந்தச் சுவரில் தள எண் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே இருந்தபடியே வெளியே இறங்கலாமா என்று முடிவு செய்யும் அளவுக்கு. சாமி படத்தை நகர்த்தச் சொல்லவில்லை. அதன் கீழே இடம் இருக்கும். அந்த எண்ணுக்கு அடியில் இடதுபுறம் எந்தக் கதவுகள், வலதுபுறம் எந்தக் கதவுகள் என்ற இரண்டு வரி. அவ்வளவு போதும். வாடகைதாரர் பெயர் அங்கே வேண்டாம், எண் வரம்பு மட்டும்: 201 முதல் 206 வரை, 207 முதல் 214 வரை.

முன் லிஃப்டில் இறங்குபவருக்கு இடது எதுவோ, பின் லிஃப்டில் இறங்குபவருக்கு அது வலது. இரண்டு இடத்துக்கும் ஒரே டிசைனை அனுப்பி இரண்டு பிரதி போடச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. அங்கேதான் வேலை கெடும்.

அம்புக்குறி: இடப்பக்க அம்பு வரியின் இடது ஓரத்தில், வலப்பக்க அம்பு வலது ஓரத்தில். ஒரே பலகையில் வெவ்வேறு திசைகள் இருந்தால் திசை வாரியாகச் சேர்த்து எழுதுங்கள். மேல்நோக்கிய அம்பை "நேராகப் போ" என்பதற்கு மட்டும் வையுங்கள். மாடிக்கு ஏறு என்பதற்குப் படிக்கட்டுச் சின்னம் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே அம்பு வைத்தால் ஸ்கேன் மையத்தைத் தேடி வந்தவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

கழிவறைப் பலகையைக் கதவில் ஒட்டாதீர்கள். தாழ்வாரத்தில் நடப்பவருக்குக் கதவு பக்கவாட்டில்தான் இருக்கிறது. எதிரே வந்து நின்றால்தான் தெரியும். சுவரிலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி, இரு பக்கமும் சின்னம் வைத்துச் செய்யுங்கள். தொங்கும் பலகையானாலும் நீட்டும் பலகையானாலும் அடிவிளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டருக்குக் குறையக்கூடாது. பிணத்தைத் தூக்கிப் போகும் உயரம் வேண்டும் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். மருத்துவர்கள் இருக்கும் கட்டடத்தில் அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

ஈசூன்_தமிழன்

தளத்துக்கு ஒரு வண்ணம் வைத்தால் என்ன? முதல் தளம் நீலம், இரண்டாம் தளம் ஆரஞ்சு. இங்கே வாகன நிறுத்தங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். வாசலில் ஒரு தொடுதிரையும் வைத்தால் பெயர் தட்டித் தேடலாம்.

செங்கல்சூளை

வாகன நிறுத்தத்தில் வண்ணம் சரி. காரை எங்கே விட்டோம் என்று திரும்பி வந்து தேட வேண்டியிருப்பதால் தூணின் நிறம் நினைவுக்கு உதவுகிறது. கிளினிக்குக்கு முதல் முறையாக வருகிறவரிடம் ஆரஞ்சு என்றால் இரண்டு என்று யார் சொன்னார்கள்? அவரிடம் அந்த அகராதி இல்லை. சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

வண்ணத்துக்கு வேலை கொடுக்க விரும்பினால் இடத்துக்குக் கொடுக்காமல் பயனுக்குக் கொடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 1967-இல் டச்சு வடிவமைப்பாளர் பென்னோ விஸ்ஸிங் செய்தது அதுதான். விமானத்துக்குப் போகும் வழி மஞ்சள் பலகையில், மற்ற வசதிகள் வேறு நிறத்தில். அவசரத்தில் ஓடுகிறவர் மஞ்சளை மட்டும் பார்த்தால் போதும். உங்கள் வளாகத்தில் அறை எண்களும் திசைகளும் ஒரு நிறம். கழிவறை, குடிநீர், லிஃப்ட் இன்னொரு நிறம். மூன்றாவது நிறத்தைத் தீயணைப்புக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

தொடுதிரை பற்றி நான் பேசினால் சண்டையாகும்.

பலகைப்பட்டறை

நான் பேசுகிறேன். நான் விற்கிற பொருளே அது, இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம். ஆறு தளத்துக்கு அதன் பின்னால் வரிசையில் நிற்பதை விடக் காவலாளியிடம் கேட்பது வேகம். பெரிய மால்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சரி.

ஈசூன்_தமிழன்

சரி அண்ணா, தொடுதிரையை விட்டுவிடுகிறேன். வரைபடமாவது வைக்கலாமே, "நீங்கள் இருக்குமிடம்" என்று சிவப்புப் புள்ளியோடு.

செங்கல்சூளை

வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு. வரைபடத்தில் மேலே இருப்பது, பார்ப்பவருக்கு எதிரே இருக்க வேண்டும். வடக்கு மேலே என்று கட்டட வரைபடத்தை அப்படியே அச்சடித்து மாட்டினால் பாதிப் பேர் எதிர்த்திசையில் போவார்கள். 1980களில் அமெரிக்க உளவியலாளர் மார்வின் லெவின் இதைச் சோதித்துக் காட்டினார். சுவருக்குச் சுவர் வரைபடத்தைத் திருப்பி அச்சடிக்க வேண்டும். உங்கள் தளத்துக்கு ஒரே தாழ்வாரம் என்றால் வரைபடமே தேவையில்லை. தரைத்தளப் பெயர்ப்பட்டியல் போதும்.

எழுத்துருக்காரி

தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் இருக்கிறேன். எழுத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாததால் நுழைகிறேன்.

உயரத்துக்குத் தொழிலில் உள்ள கைக்கணக்கு, பார்க்கும் தூரத்தில் இருநூறில் ஒரு பங்கு. பத்து மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர். தமிழில் அந்த ஐந்து சென்டிமீட்டரை எங்கே அளப்பது என்பதுதான் கேள்வி. "கீழ்த்தளம்" என்று எழுதிப் பாருங்கள்: "கீ"யின் சுழி மேலே ஏறுகிறது. "பூ", "மூ" கீழே இறங்கும். மேலிருந்து கீழ் வரை மொத்தமாக அளந்தால் உடல் எழுத்து சிறுத்துவிடும். "ப" எழுத்தின் உயரத்தை அளவாக வையுங்கள், கொம்பையும் சுழியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைப்பதை விடக் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் "மூ"வும் கீழ் வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும்.

தூரத்தில் "ப", "ம", "ய" மூன்றும் ஒன்றாகத் தெரியும். "ன", "ண", "ள" இன்னும் மோசம். அலங்கார எழுத்துரு, மிகத் தடித்த எழுத்து, உள்ளிருக்கும் வெற்றிடம் அடைத்துக்கொள்ளும் எழுத்து எதுவும் வேண்டாம். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நடுத்தரத் தடிமனில் பயன்படுத்துங்கள். இடம் போதவில்லை என்று எழுத்தை அமுக்கி ஒடுக்க விடாதீர்கள். ஆங்கிலச் சொல்லை விடத் தமிழ்ச் சொல் நீளம். பலகையின் அகலத்தைத் தமிழை வைத்து முதலில் முடிவு செய்யுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று. பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் "பொது" என்பது "பாெது" என்று உடைந்துவிடும். வெட்டும் இயந்திரத்துக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை, ஸ்டீலில் அழகாக வெட்டித் தந்துவிடும். எழுத்தை வளைகோடுகளாக மாற்றிய பிறகு வரும் படக்கோப்பைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கட்டும். உரிமையாளரே பார்த்தால் இன்னும் நல்லது, பிறகு யார் மேலும் பழி வராது.

பலகைப்பட்டறை

மேடம் சொல்வது நூற்றுக்கு நூறு. கூடவே ஒன்று: பளபளப்பான அக்ரிலிக் வேண்டாம். மேலே எல்ஈடி விளக்கு இருக்கும், பலகையில் எழுத்துக்குப் பதிலாக விளக்குதான் தெரியும். மேட் பூச்சு கேளுங்கள்.

தொடுபுள்ளி

எனக்குப் பார்வை கிடையாது. வங்கியில் வேலை. திரை வாசிப்பான் வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிரெய்ல் பற்றி யாரும் பேசவில்லை.

நான் தொட்ட "பிரெய்ல்" பலகைகளில் சில வெறும் ஸ்டிக்கர். புள்ளிகளை மை கொண்டு அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். விரலுக்கு வழவழவென்று கண்ணாடிதான். பார்வை உள்ளவர்கள் படம் எடுத்துப் போட மட்டும் அது உதவும். புள்ளி புடைத்திருக்க வேண்டும், தமிழுக்கு, இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் முறையில் இருக்க வேண்டும். மாட்டும் முன் பிரெய்ல் படிக்கிற ஒருவரை அழைத்துத் தொடச் சொல்லுங்கள். தலைகீழாக ஒட்டியதையும் தொட்டிருக்கிறேன்.

இடம் அதைவிட முக்கியம். கதவின் மேலே ஒட்டினால் நான் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து யாராவது திறப்பார்கள், மூக்குக்கு ஆபத்து. கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில் வையுங்கள். எல்லாக் கதவுக்கும் அதே பக்கம், அதே உயரம். அமெரிக்காவின் 2010 அணுகல்தன்மைத் தரநிலையில் தொட்டுணரும் எழுத்து தரையிலிருந்து 1220 முதல் 1525 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகளிலும் பலகைகளுக்கென்றே பகுதி உண்டு, உங்கள் கட்டடக்கலைஞரைப் படிக்கச் சொல்லுங்கள். "அரசுக் கட்டடத்துக்குத்தானே" என்று உரிமையாளர் கேட்பார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்பது பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் சேர்த்துத்தான்.

எண்களை வரிசைப்படுத்தும் யோசனை எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. 206-ஐத் தொட்டேன் என்றால் 210 எங்கே என்று எனக்கே தெரிந்துவிடும்.

தணல்

தீத்தடுப்பு ஆலோசனை என் தொழில். மூன்றாவது நிறத்தை எங்களுக்கு விட்டதற்கு நன்றி, அது பச்சை. வெளியேறும் வழிக்குப் பச்சை, தீயணைப்புக் கருவிக்குச் சிவப்பு. இவை பன்னாட்டுத் தரம். உட்புற அலங்காரத்துக்குப் பொருந்தவில்லை என்று பொன்னிறத்தில் செய்து தருமாறு கேட்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஓடும் மனிதன் சின்னத்தின் கதை பலருக்குத் தெரியாது. 1972 மே மாதம் ஒசாகாவின் சென்னிச்சி பல்பொருள் கட்டடத்தில் பிடித்த தீயில் 118 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளியேறும் வழிக்கான பலகைகள் பற்றி ஜப்பானில் தீவிரமாக யோசித்தார்கள். வடிவமைப்பாளர் யுகியோ ஓட்டாவின் பச்சை மனிதன் அப்படி வந்ததுதான். 1980களில் பன்னாட்டுத் தரத்திலும் சேர்ந்தது. எந்த மொழியும் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் தாழ்வாரத்தை முடித்துவிட்டுப் படிக்கட்டை மறந்துவிடுகிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் எல்லாத் தளக் கதவும் ஒன்று போலவே இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்குள்ளே தள எண் வேண்டும், எந்தப் படிக்கட்டு என்ற அடையாளமும் வேண்டும். போனில் "முன் படிக்கட்டில் நான்காம் தளத்தில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்ல முடிந்தால் மீட்பவருக்கு அது போதும். உங்கள் கட்டடத்தில் அடித்தளம் இருக்கிறது. புகையில் இறங்கி ஓடுகிறவர்கள் தரைத்தளத்தைத் தாண்டி அடித்தளத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தரைத்தளப் படித்திருப்பத்தில் "வெளியே செல்லும் வழி" என்று பெரிதாக, முடிந்தால் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவோடு.

விளக்கெரியும் பலகை என்றால் அது மின்தடையிலும் எரிய வேண்டும். அவசர விளக்குகள் ஒன்றரை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்று சொல்வார்கள். தீ பிடித்தது ஜெனரேட்டர் அறையில் என்றால்? ஒளியைச் சேமித்து இருட்டில் ஒளிரும் பலகைகளும் உண்டு. நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு படிக்கட்டுகளில் அந்த வண்ணத்தைப் பூசினார்கள். 2004-இல் அந்த நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கெல்லாம் அதைச் சட்டமாக்கியது. அதற்கு ஒளி ஏறப் பகலில் படிக்கட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். மின்கட்டணம் மிச்சம் என்று அணைத்து வைத்தால் அந்தப் பலகையால் பயன் இல்லை.

உறையூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. எண் மாற்றத்துக்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். எட்டு எல்லாத் தளத்திலும் இல்லை. பலகைகளின் எண்ணிக்கை நான் நினைத்ததை விடக் குறைவாகவே வருகிறது.

மீதி இருப்பது தரைத்தளப் பெயர்ப்பட்டியல். ஸ்கேன் மையம் தன் சின்னத்தை வண்ணத்தில் பெரிதாகப் போடக் கேட்கிறது, அவர்தான் அதிக வாடகை கொடுப்பவர். அரசு விதிப்படி தமிழ் 5, ஆங்கிலம் 3 என்ற விகிதம் இதற்கும் உண்டா? டாக்டர் பெயரில் வரிசைப்படுத்துவதா, தளத்திலா?

செங்கல்சூளை

5:3:2 (கடைசி 2 மற்ற மொழிகளுக்கு) கடைகளின் பெயர்ப்பலகைக்குச் சொன்னது. உள்ளே அதே வரிசையில் தமிழை முதலில் பெரிதாக வைத்தால் உங்களுக்கும் நல்லது, வருகிறவர்களுக்கும் நல்லது.

தள வாரியாக ஒரு பட்டியல். மருத்துவர்களுக்கு மட்டும் பக்கத்தில் தனிப் பட்டியல்: என்ன டாக்டர், பெயர், அறை எண். "எலும்பு" முதலில், பெயர் பிறகு. உங்கள் காவலாளியின் நோட்டு அதைத்தான் சொல்கிறது. சின்னம் ஒருவருக்கு அனுமதித்தால் அடுத்த மாதம் எல்லோரும் கேட்பார்கள். அவர்கள் வாசலில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

பலகைப்பட்டறை

வரி வரியாகக் கழற்றி மாற்றக்கூடிய அலுமினியச் சட்டத்தில் செய்யுங்கள். ஒருவர் காலி செய்தால் ஒரு பட்டையை உருவிவிட்டு வேறு பட்டை செருகலாம். முழுப் பலகையையும் ஒரே தகடாகச் செய்தால் முதல் வாடகைதாரர் மாறும் அன்றே அதன் மேல் ஸ்டிக்கர் ஏறும். காலிப் பட்டைகள் சிலவற்றைக் கூடுதலாகச் செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காது. எழுத்துருவின் பெயர், நிற எண், மூலக்கோப்பு மூன்றையும் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தரத் தயங்குவார். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தொடுபுள்ளி

வேலை முடிந்ததும் சொல்லுங்கள். எங்கள் அலுவலகத்தின் திருச்சிக் கிளைக்கு அவ்வப்போது வருவேன், பிரெய்ல் பலகைகளைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

உறையூர்வாசி

மாட்டுவதற்கு முன்பே வாருங்கள் சார். சுவரில் துளை போட்ட பிறகு உரிமையாளர் மாற்ற விடமாட்டார்.